இழுப்பதா, தள்ளுவதா? ஒரு மஸில் காரின் பெட்ரோல் பம்பு

1970-இல் ஷெவர்லே நிறுவனம் தன் ஷெவெல் எஸ்.எஸ். காரில் 454 கன அங்குல வி-8 இன்ஜினை ஏற்றியது. கொள்ளளவு ஏறத்தாழ 7.4 லிட்டர். நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த கட்டுப்பாடு அந்த மாடல் ஆண்டில்தான் விலகியது. எல்.எஸ்.6 என்ற குறியீட்டில் வந்த உச்ச வடிவத்துக்கு நிறுவனம் அறிவித்த திறன் 450 குதிரைத்திறன். 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. தொடங்கிவைத்த, நடுத்தரக் காரில் பெரிய இன்ஜினை ஏற்றும் மஸில் கார் காலம் தொட்ட சிகரங்களில் ஒன்று அது. அடுத்த சில ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடு, ஏறிய காப்பீட்டுக் கட்டணம், எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

கார்கள் மட்டும் முடிந்துபோகவில்லை. அமெரிக்காவில் இன்றும் பலர் அவற்றைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் ஒரு விசித்திரமான நோய் தலைகாட்டும். வண்டி ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும். ஊருக்குள் குறையின்றி ஓடும். பந்தயப் பாதையில் முதல் கியர், இரண்டாம் கியர் வரை சீறிப் பாயும். மூன்றாம் கியரில், வேகம் உச்சத்தை எட்டும் நேரத்தில், இன்ஜின் மூச்சு வாங்கும். காலை எடுத்துவிட்டுச் சில நொடி கழித்து மறுபடி மிதித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பிளக், இக்னிஷன், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டபின், கடைசியில் கண் போகும் இடம் இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம் தாழ்வாகத் தொங்கும் ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதுதான் பெட்ரோல் பம்பு.

அதைக் கழற்றிப் பெரிதாக ஒன்றை மாட்டுவது பார்வைக்கு எளிய வேலை. இரண்டு போல்ட், சில குழாய் இணைப்புகள். ஆனால் அந்தப் பழைய பம்பு ஒன்றல்ல, மூன்று வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பெட்ரோலைக் கொண்டுவருகிறது, அதன் அழுத்தத்தை அளவோடு வைக்கிறது, இன்ஜின் நின்ற கணமே தானும் நின்று பெட்ரோலைத் தடுக்கிறது. புதிதாக வாங்கும் பம்பு பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே செய்யும். மற்ற இரண்டையும் யார் செய்வது என்று கேட்காமல் செய்யும் மேம்பாடு, மேம்பாடே அல்ல.

இன்ஜினின் பசி

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். சூப்பர்சார்ஜர், டர்போ போன்ற துணையில்லாத பெட்ரோல் இன்ஜின் முழுத் திறனில் இயங்கும்போது, ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் அரை பவுண்டு, அதாவது 227 கிராம் பெட்ரோல் வேண்டும் என்பது பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் நெடுங்காலமாக நம்பும் கணக்கு. 450 குதிரைத்திறனுக்கு மணிக்கு 102 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம் என்பதால், இது மணிக்கு ஏறக்குறைய 138 லிட்டர். நொடிக்கு 38 மில்லிலிட்டர்.

அன்றைய 450 என்பது இன்ஜினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, துணைக் கருவிகளின் சுமை இல்லாமல் அளந்த எண். 1972 முதல்தான் அமெரிக்க நிறுவனங்கள் வண்டியில் பொருத்திய நிலைக்கு நெருக்கமான, குறைவான எண்களைச் சொல்லத் தொடங்கின. எனவே நம் கணக்கு சற்று அதிகமாகவே இருக்கும். பம்பு விஷயத்தில் அந்தப் பக்கம் தவறுவது நல்லதே.

இதே வண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது செலவிடுவது மணிக்கு 15 முதல் 20 லிட்டர் வரைதான். முழு மிதியில் தேவை ஏழெட்டு மடங்கு ஏறுகிறது. அரைகுறையாக வேலை செய்யும் பம்புகூட ஊருக்குள் நல்ல பெயர் எடுப்பது இதனால்தான்.

சரி, பந்தயத்தில் முதல் கியரிலேயே மூச்சு முட்டாமல் மூன்றாம் கியர் வரை எப்படித் தாக்குப்பிடிக்கிறது? கார்புரேட்டரில் ஃப்ளோட் மிதக்கும் சிறு தொட்டி இருக்கிறது. அதில் நிற்கும் பெட்ரோல் சில நொடிகளுக்குப் போதும். பம்பு கொண்டுவருவதைவிட இன்ஜின் உறிஞ்சுவது அதிகமானால் அந்தத் தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். பத்து நொடி தாண்டும் வேளையில், பெட்ரோலைக் காற்றில் கலந்துவிடும் ஜெட்டுகளுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காது. காலை எடுத்ததும் தொட்டி மீண்டும் நிரம்பிவிடும். நோய் மறைந்துவிடும்.

இழப்பு வேகத்தோடு நின்றால் பரவாயில்லை. முழுத் திறனில் இன்ஜினுக்குப் பெட்ரோல் சற்றுத் தாராளமாகவே தரப்படுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று பங்கு வரை காற்று. அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது, எரிப்பையும் கட்டுக்குள் வைக்கிறது. பெட்ரோல் குறைந்தால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும்; சுடர் போய்ச் சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். இந்த நாக்கிங் சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டன் தலை உருகித் துளைபடலாம். ஒரு சிறிய பம்பின் பலவீனம் முழு இன்ஜினையும் பலிகொள்ளும் வழி இது.

ஸ்பிரிங்குக்குள் இருக்கும் அறிவு

பழைய பம்பின் அமைப்பைப் பார்க்கப் பார்க்க அதை வடிவமைத்தவர்கள்மீது மரியாதை கூடுகிறது. இன்ஜினின் கேம் ஷாஃப்டில் மையம் விலகிய ஒரு வட்டு இருக்கும். அது சுழலும்போது ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும். தண்டு ஒரு நெம்புகோலை ஆட்டும். நெம்புகோல் ரப்பர் பூசிய டயஃப்ரம் ஒன்றைக் கீழே இழுக்கும். மேலே இடம் உண்டாகும். உள்வாங்கும் வால்வு திறந்து டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். நெம்புகோல் தளர்ந்ததும், டயஃப்ரத்தின் கீழிருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். வெளியேற்றும் வால்வு வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இழுப்பது இன்ஜின், ஆனால் தள்ளுவது ஸ்பிரிங். எனவே கார்புரேட்டருக்குப் போகும் அழுத்தம் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பொறுத்தது, இன்ஜின் வேகத்தைப் பொறுத்ததல்ல. கார்புரேட்டர் தொட்டி நிரம்பி, ஃப்ளோட் உயர்ந்து, நீடில் என்ற ஊசியால் நுழைவுத் துளையை மூடிவிட்டால் பெட்ரோலுக்குப் போக இடமில்லை. அப்போது டயஃப்ரம் கீழேயே நின்றுவிடும். நெம்புகோல் அதைத் தொடாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். தேவை எழுந்தால் ஸ்பிரிங் மறுபடி தள்ளும். இப்படி 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை, தனியாக ஒரு ரெகுலேட்டர் இல்லாமலே, ஆண்டுக்கணக்கில் காத்துவருகிறது அந்தக் கிண்ணம்.

இப்போது எண்களைப் பொருத்திப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 5,600 சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 2,800 சுற்று சுற்றும். பம்பு நொடிக்கு 47 முறை துடிக்கும். நொடிக்கு 38 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் ஒரு துடிப்புக்கு 0.8 மில்லிலிட்டர். சில சொட்டுகள்தான். ஆனால் ஒரு முழுத் துடிப்புக்கே கிடைப்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். அதிலும் ஏறத்தாழ பாதி நேரத்துக்குள் அந்தச் சொட்டுகள் மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருக்கும் டேங்கிலிருந்து நகர்ந்து உள்ளே வந்தாகவேண்டும். வேகம் இன்னும் ஏறினால் நெம்புகோலே வட்டின் அசைவைப் பின்தொடர முடியாமல் துள்ளத் தொடங்கும்.

இன்னொரு கணக்கும் வியப்பூட்டும். நொடிக்கு 38 மில்லிலிட்டரை 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளத் தேவையான ஆற்றல் இரண்டு வாட்டுக்கும் குறைவு. அந்த இரண்டு வாட், 3,35,000 வாட் தரும் இன்ஜினுக்கு உணவூட்டுகிறது. ஆக, பம்புக்குப் பலம் போதவில்லை என்று சொல்வது பெரும்பாலும் சரியான நோயறிதல் ஆகாது. சிக்கல் பம்புக்கு முன்னால் இல்லை. பின்னால், அது இழுக்கும் பக்கத்தில் இருக்கிறது.

இழுப்பதற்கு ஓர் எல்லை

கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்து நீர் இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எவ்வளவு பெரிய மோட்டாரை வைத்தாலும் ஓர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரையே நீருக்குள் இறக்கி, அங்கிருந்து மேலே தள்ளவேண்டியிருக்கிறது. காரணம், பம்பு உண்மையில் எதையும் இழுப்பதில்லை. அது தன் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. மறுபக்கத்தில் வளிமண்டலம்தான் திரவத்தைத் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளலின் அளவு கடல்மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. அதற்குமேல் ஒரு துளியும் கிடைக்காது. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் அது 12 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைந்துவிடும்.

பெட்ரோலுக்கு இந்த 14.7-உம் முழுதாகக் கிடைப்பதில்லை. அது எளிதில் ஆவியாகும் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அந்த ஆவிக்கென்று ஓர் அழுத்தம் உண்டு. திரவத்தின்மீதான அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கும். ஆவியழுத்தத்தை 37.8 டிகிரி செல்சியஸில் அளப்பது வழக்கம். அமெரிக்காவில் கோடைகாலப் பெட்ரோலுக்கான பொதுவான உச்சவரம்பு 9 பி.எஸ்.ஐ. 10 விழுக்காடு எத்தனால் கலந்தால் ஏறத்தாழ இன்னும் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். 14.7-இல் 10 போக, இழுப்பதற்கு மீதி 4.7 மட்டுமே.

அந்த 4.7-ஐயும் பங்குபோட இருவர் காத்திருக்கிறார்கள். முதலாவது, குழாயின் உராய்வு. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் இருந்தது 5/16 அங்குலக் குழாய். நொடிக்கு 38 மில்லிலிட்டர் அதன் வழியே ஓடும்போது சுமார் ஒரு பி.எஸ்.ஐ. போய்விடும். இரண்டாவது, வண்டியின் முடுக்கம். ஷெவெல் காரின் டேங்க் பின் அச்சுக்கும் பின்னால். பம்பு முன் அச்சருகே. இடையில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளத்துக்குப் பெட்ரோல் படுத்திருக்கிறது. வண்டி முன்னே பாயும்போது அந்தத் திரவத் தண்டு பின்னே தங்கப் பார்க்கும். சாலை டயரோடு, புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கத்தில், இது 1.8 பி.எஸ்.ஐ. எதிர்ப்பைத் தரும். பிடிப்பு மிகுந்த பந்தய டயரோடு ஒரு ஜி, அதாவது புவியீர்ப்பின் முழு அளவு முடுக்கத்தில் கிளம்பினால் 3.7 பி.எஸ்.ஐ.

ஒன்றும் மூன்று புள்ளி ஏழும் சேர்ந்து 4.7. மிச்சம் ஏதுமில்லை. அதுவும் பெட்ரோல் 38 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. உண்மையில் பம்பு நிற்பது 80, 90 டிகிரி சூட்டில் கொதிக்கும் இன்ஜின் பிளாக்கின்மேல். ஓடும் பெட்ரோல் பம்பைக் குளிர்வித்துக்கொண்டே போனாலும், வண்டி நெரிசலில் நின்றாலோ, ஓடி முடித்து அணைத்தாலோ அந்தச் சூடு முழுதும் பம்பில் ஏறும். பெட்ரோல் ஆவியாகும். டயஃப்ரம் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, திரவத்தை நகர்த்தாது. வேப்பர் லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். குளிர்காலப் பெட்ரோலின் ஆவியழுத்தம் கோடைப் பெட்ரோலைவிட அதிகம். அதை டேங்கில் வைத்துக்கொண்டு வசந்தத்தின் முதல் வெயில் நாளில் வெளியே எடுக்கும் கார்கள் இதில் அதிகம் மாட்டுகின்றன.

அக்காலப் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஏர்கண்டிஷனர் பொருத்திய கார்கள் பலவற்றில் பம்பிலோ ஃபில்டரிலோ மூன்றாவதாக ஒரு சிறு குழாய் வைத்து, ஆவியையும் கொஞ்சம் சூடான பெட்ரோலையும் டேங்குக்கே திருப்பி அனுப்பினார்கள். இன்று காரைப் புதுப்பிக்கும் பலர், எதற்கென்று தெரியாமல் அந்தக் குழாயை அடைத்துவிடுகிறார்கள்.

முதல் மேம்பாடு குழாயில்

ஆகவே பம்பை வாங்குமுன் பார்க்கவேண்டியது குழாயை. இந்த வேகத்தில் பெட்ரோல் கொந்தளிப்பாக ஓடுகிறது. அப்படி ஓடும் திரவத்தின் அழுத்த இழப்பு, குழாயின் உள்விட்டம் சிறிது கூடினாலும் மளமளவென்று குறையும். ஏறத்தாழ விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நெருக்கமாக. 5/16 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 3/8 அங்குலக் குழாயைப் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு பி.எஸ்.ஐ. இழப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். டேங்குக்குள் பெட்ரோலை எடுக்கும் முனையும் அதே அளவுக்கு மாறவேண்டும். அது குறுகலாகவே இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

பழைய வண்டியில் வேறு எளிய காரணங்களும் இருக்கும். முனையிலுள்ள வலைப்பை துருவால் அடைபட்டிருக்கலாம். டேங்கின் காற்றுத் துளை மூடிப்போய், பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகலாம். ஐம்பது ஆண்டு வயதான ரப்பர் ஹோஸை எத்தனால் இளக்கியிருக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் அங்கே பெட்ரோல் கசியாது. காற்று உள்ளே புகும். வெளியே ஈரமே தெரியாது.

பெரிய டயஃப்ரமா, மின் பம்பா?

குழாயும் டேங்கும் சீரானபின் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பெரிய டயஃப்ரமும் கூடுதல் வால்வுகளும் கொண்ட, அதே வகை இயந்திரப் பம்பு. இதைப் பலர் பழமை என்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயத்தில் 2011 பருவம் முடியும்வரை கார்புரேட்டர்தான் இருந்தது. ஏறத்தாழ 850 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜின்களுக்கு மணிக்கணக்கில் பெட்ரோல் ஊட்டியவை இன்ஜினே இயக்கிய இயந்திரப் பம்புகள். சாலையில் ஓடும் 450 குதிரைத்திறன் காருக்கு, நல்ல குழாயோடு சேர்ந்த தரமான இயந்திரப் பம்பு பெரும்பாலும் போதும். அழுத்தக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் பழையபடி கூடவே வந்துவிடும்.

இரண்டாவது, மின் பம்பு. டேங்குக்கு அருகே, டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ தாழ்வாகவோ அதைப் பொருத்தினால் பெட்ரோல் தன் எடையாலேயே பம்புக்குள் இறங்கும். அங்கிருந்து இன்ஜின்வரை முழுக் குழாயிலும் வளிமண்டலத்தைவிட அதிக அழுத்தம் இருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஒரு ஜி முடுக்கம் 3.7 பி.எஸ்.ஐ.யைப் பறித்துக்கொண்டாலும் கொதிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பின்னால் 14 பி.எஸ்.ஐ. அளவில் தள்ளி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர் வைத்து 7-க்குக் குறைப்பது பந்தயக்காரர்களின் வழி. ரெகுலேட்டர் முன்னால் இருப்பதால் முடுக்கத்தில் வரும் ஏற்ற இறக்கம் கார்புரேட்டரைத் தொடுவதில்லை.

பின்னால் மின் பம்பு, முன்னால் பழைய பம்பு என்று இரண்டையும் வரிசையாக வைப்பவர்களும் உண்டு. அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பழைய பம்பின் டயஃப்ரம் கிழிந்தால், மின் பம்பு அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோலை நேராக இன்ஜின் ஆயிலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும். மின் பம்புக்கு மாறினால் பழையதைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடிவிடுவதே நல்லது.

முப்பது கிராம் சண்டை

இனி, பழைய ஸ்பிரிங் செய்துவந்த இரண்டாவது வேலைக்கு வருவோம். கார்புரேட்டரின் நீடில் மூடும் துளையின் விட்டம் சாதாரணமாக 2.8 மில்லிமீட்டர் இருக்கும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் அந்த நீடிலைத் தள்ளும் விசை சுமார் 30 கிராம் எடைக்குச் சமம். மிதக்கும் ஃப்ளோட் தன் நெம்புகோலின் உதவியோடு அதை எதிர்த்து மூடிவைக்கிறது. அழுத்தம் 14 ஆனால் விசை 60 கிராம். ஃப்ளோட் தோற்றுப்போகும். பெட்ரோல் தொட்டியை நிறைத்து, காற்றுத் துளைகள் வழியே வழிந்து, சூடான இன்டேக் மேனிஃபோல்டின்மேல் கொட்டும். கார்புரேட்டர் காருக்கு அதிக அழுத்தம் தரும் பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

ரெகுலேட்டரில் இரு வகை. ஒன்று, வழியில் தடுத்து அழுத்தத்தைக் குறைப்பது. இன்னொன்று, தேவைக்கு மிஞ்சியதைத் தனிக் குழாயில் டேங்குக்குத் திருப்புவது. இரண்டாவதற்கு வேலை அதிகம், பலனும் அதிகம். பெட்ரோல் ஓரிடத்தில் தேங்கிச் சூடேறாமல் சுழன்றுகொண்டே இருக்கும். உருவாகும் ஆவியும் டேங்குக்கே போய்விடும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கண்டு ஏமாறவும் கூடாது. பல பம்புகளின் அளவு, எதிர் அழுத்தமே இல்லாமல் திறந்த குழாயில் ஓடவிட்டு அளந்தது. அழுத்தம் ஏற ஏற ஓட்டம் குறையும். பம்புக்கு எட்டும் மின்னழுத்தம் குறைந்தாலும் ஓட்டம் குறையும். நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நான் வைக்கப்போகும் அழுத்தத்தில், என் வண்டியில் கிடைக்கும் வோல்ட்டேஜில் மணிக்கு எத்தனை லிட்டர்? 138 லிட்டர் தேவைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, 165 லிட்டர் கிடைத்தால் நிறைவு. அதைப்போல் மூன்று மடங்கு பம்பு வைத்தால் மிஞ்சிய பெட்ரோல் சுற்றிச் சுற்றி ஓடிச் சூடாவதுதான் மிச்சம்.

இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கவேண்டும்

மூன்றாவது வேலையைத்தான் பலர் மறக்கிறார்கள். சாவி திறந்திருக்கும்வரை மின் பம்புக்கு இன்ஜின் ஓடுகிறதா, விபத்தில் சிக்கிக் குழாய் அறுந்துவிட்டதா என்று தெரியாது. அறுந்த குழாய் வழியாக நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பக்கூடிய நிலையில் ஓட்டுநர் இல்லாமலும் போகலாம்.

இதற்கு விலையுயர்ந்த தொழில்நுட்பம் தேவையில்லை. ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் இணைப்புத் தரும் ஸ்விட்ச் ஒன்று. 1971 மாடலாக வந்த ஷெவர்லே வேகா காரில் டேங்குக்குள்ளேயே மின் பம்பு வைத்த பொறியாளர்கள் இந்த வழியைத்தான் பின்பற்றினார்கள். இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்புக்கு மின்சாரம் போகாது. அதோடு, மோதலின் அதிர்ச்சியில் தானாகத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் ஒன்றையும் சேர்த்தால் காப்பு இரட்டிப்பாகும். பேட்டரிக்கு அருகே ஃபியூஸ், பம்புக்கென்று தனி ரிலே, போதிய தடிமனுள்ள வயர் ஆகியவை கட்டாயம். அரை நூற்றாண்டு வயதான இக்னிஷன் வயரிலிருந்து மின்சாரம் எடுத்தால் பம்புக்கு வோல்ட்டேஜ் போதாது; வயரும் சூடாகும்.

கார்புரேட்டரை எடுத்துவிட்டு மின்னணு இன்ஜெக்ஷன் பொருத்துபவர்களுக்கு இவையெல்லாம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். அங்கே அழுத்தம் 43 முதல் 58 பி.எஸ்.ஐ. வரை. சிறு வெடிப்பிலிருந்தும் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். கார்புரேட்டருக்கான எஸ்.ஏ.இ. 30 ஆர் 7 தர ஹோஸ் இதற்கு ஆகாது. 30 ஆர் 9 வேண்டும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30 ஆர் 10 வேண்டும். மற்றவை வெளிப்புறத்திலிருந்து பெட்ரோல் பட்டுக் கரையும். பம்பையும் டேங்குக்குள் வைப்பதே சிறந்தது. சுற்றியுள்ள பெட்ரோல் அதைக் குளிர்விக்கும். இழுக்கும் தூரம் ஏறத்தாழ இல்லாமலே போகும். வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்பு காற்றை விழுங்காதபடி டேங்கில் தடுப்புச் சுவர்களும் வேண்டும். கார்புரேட்டருக்கு ஃப்ளோட் தொட்டி என்ற சேமிப்பு உண்டு. இன்ஜெக்ஷனுக்கு அது கிடையாது. அரை நொடி காற்று வந்தாலும் இன்ஜின் தடுமாறும்.

அளந்த பிறகு வாங்குங்கள்

எனவே வேலையின் வரிசை இதுதான். முதலில் கார்புரேட்டர் வாயில் ஒரு பிரஷர் கேஜ் பொருத்தி, முழு மிதியில் முள் என்ன செய்கிறது என்று பாருங்கள். கேஜையும் அதன் குழாயையும் காருக்குள் கொண்டுவராமல் வெளியே, கண்ணாடி வழியே தெரியும் இடத்தில் வைக்கவேண்டும். அழுத்தம் 5-க்குக் கீழே போகாமல் நின்றும் இன்ஜின் தடுமாறினால் குறை வேறு எங்கோ இருக்கிறது. பம்பை மாற்றிப் பயனில்லை. முள் படிப்படியாகச் சரிந்தால், டேங்கிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள்: காற்றுத் துளை, வலைப்பை, ரப்பர் ஹோஸ், குழாயின் விட்டம், ஃபில்டர். அக்காலப் பணிமனைக் கையேடுகள் சொல்லும் எளிய சோதனையும் உண்டு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பம்பு அரை நிமிடத்தில் ஒரு பைன்ட், அதாவது 473 மில்லிலிட்டர் தரவேண்டும். திறந்த பெட்ரோலோடு செய்யும் சோதனை என்பதால் குளிர்ந்த இன்ஜினில், திறந்தவெளியில், தீயணைப்பானைக் கையருகே வைத்துக்கொண்டு செய்யவேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் பம்பை மாற்றுங்கள். இயந்திரப் பம்பு போதுமா, மின் பம்பு தேவையா என்பதை வண்டியின் குதிரைத்திறனும் நீங்கள் ஓட்டும் விதமும் தீர்மானிக்கட்டும்; விளம்பரப் பெட்டியின் எண் தீர்மானிக்க வேண்டாம். மின் பம்பைத் தேர்ந்தெடுத்தால் ரெகுலேட்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், இனர்ஷியா ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றையும் அதே நாளில் வாங்கி அதே நாளில் மாட்டுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பட்டியலில் அவை சேரக்கூடாது. பழைய பம்பு இலவசமாகத் தந்துவந்த காவலை எடுத்துவிட்டு ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொள்பவர், தன் உயிரை மட்டுமல்ல, பக்கத்தில் அமர்ந்து வருபவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். இந்தக் கார்கள் இன்னும் பல தலைமுறை ஓடவேண்டுமென்று விரும்புகிறவர்கள் முதலில் செய்யவேண்டிய செலவு அந்தக் காவலுக்குத்தான்.